மாத்திரை முடிந்த மறுநாள்

செப்டம்பர் 3, 2025

மாதவிலக்கு முடிந்த கையோடு அதே கவிச்சி வாடையோடு வெள்ளைப்படுதல் திரும்பிவிட்டது. அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை. சாம்பல் பூத்த வெள்ளை நிறத்தில், நீர்த்துப்போய்ப் படிகிறது. சென்ற முறையும் மாதவிலக்கை ஒட்டித்தான் வந்தது.

தெருமுனை மருந்துக் கடையில் 'வெள்ளைப்படுகிறது' என்று சொன்னால் போதும், பூஞ்சைத் தொற்றுக்கான ஒற்றை மாத்திரையை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். பூஞ்சை என்றால் பெரும்பாலும் அரிப்பு இருக்கும், கவிச்சி இருக்காது. எனக்கு இருப்பதோ பாக்டீரியாவால் வரும் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்ற தொற்று. அந்த மாத்திரை இதைத் தொடக்கூடச் செய்யாது. எத்தனை பெண்கள் அதையே வாங்கி விழுங்கிவிட்டு, குணமாகவில்லையே என்று வெளியே சொல்ல முடியாமல் இருக்கிறார்களோ! அதை நினைத்துத்தான் இந்தக் குறிப்புகளை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

செப்டம்பர் 5

தில்லைநகரில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். கேட்டுவிட்டு மட்டும் எழுதிக்கொடுக்கிறவர் அல்ல, பரிசோதித்தே ஆக வேண்டும் என்கிறவர். யோனிச் சுவரிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்த நீரை மஞ்சள் நிறத் தாளில் தடவினார். தாள் பச்சைக்கு மாறியது. அமிலத்தன்மை குறைந்துவிட்டது என்று அர்த்தம். பி.எச். என்ற அளவில் எண் கூடக்கூட அமிலம் குறைவு; யோனியில் அது 4.5-க்கு மேல் போகக் கூடாது. பிறகு கண்ணாடித் துண்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. அந்த நொடியே அறையில் மீன் வாடை எழுந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரோ, "இது வந்தால்தான் அம்மா எனக்குச் சந்தேகம் தீரும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நுண்ணோக்கிக்குக் குனிந்தார்.

என்னையும் பார்க்கச் சொன்னார். செல்களின் ஓரமே தெரியவில்லை. அரிசி மாவைத் தூவிவிட்டது போல் பாக்டீரியாக்கள் மேலே அப்பிக் கிடந்தன. நீர்த்த வெள்ளை, பி.எச்., வாடை, இந்தச் செல்கள் ஆகிய நான்கில் மூன்று இருந்தாலே இது பாக்டீரியல் வஜைனோசிஸ்தான் என்று உறுதிசெய்யலாமாம். 1983-இல் வகுத்த அளவுகோல், இன்றும் அதுவே நடைமுறையில் இருக்கிறது.

அரசு மருத்துவமனைகளின் பால்வினைத் தொற்றுப் பிரிவில் இதற்குப் பச்சை நிறப் பொட்டலம் ஒன்றை இலவசமாகக் கொடுக்கிறார்கள். பாக்டீரியாவுக்குச் செக்னிடசோல் 2 கிராம், கூடவே பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம். பரிசோதிக்க வசதியில்லாத இடத்திலும் பெண் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது.

எனக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 400 மில்லிகிராம், காலை மாலை, ஏழு நாள்.

செப்டம்பர் 7

வாயெல்லாம் இரும்புச் சுவை. காப்பி குடிக்கவே பிடிக்கவில்லை. சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டால் குமட்டல் கொஞ்சம் குறைகிறது.

அம்மா மதியம் பஸ்ஸில் வந்து இறங்கினார். பையிலிருந்து முதலில் வெளியே வந்தது அசோகாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்து. "வெள்ளைப்படுதலுக்கு உன் பாட்டி காலத்திலிருந்து இதுதான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூடி குடி." பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில், தானாக உருவாகும் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். அரிஷ்டம், ஆசவம் எல்லாமே புளிக்கவைத்துச் செய்பவை. பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். பீரில் இருக்கும் அளவு, சிலதில் அதற்கும் மேல். குடிப்பது இரண்டு மூடி என்பதால் யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை.

மாத்திரை அட்டையிலோ மது கூடாது என்ற எச்சரிக்கை. என் அம்மாவைப் போன்றவர்கள் அதைப் படித்தால், 'நம் வீட்டுப் பெண்ணுக்கும் மதுவுக்கும் என்ன சம்பந்தம்' என்று கடந்துபோய்விடுவார்கள். அரிஷ்டம் அலமாரியில் இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு மனசில்லை.

செப்டம்பர் 9

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நேராகவே கேட்டேன்: மெட்ரோனிடசோலோடு மது சேர்ந்தால் என்னதான் ஆகும்?

பொறுமையாகச் சொன்னார். குடியை நிறுத்துவதற்கென்றே டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து இருக்கிறது. 1948-இல் டென்மார்க்கில் வெளிவந்தது. மது உடலில் உடையும்போது முதலில் அசிட்டால்டிஹைடாக மாறும். அந்த மருந்து அதற்கு மேல் உடையவிடாமல் தடுத்துவிடும். அசிட்டால்டிஹைடு தேங்கினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி பிடுங்கும். மெட்ரோனிடசோலும் அப்படியே செய்யும் என்று 1960-களில் எழுந்த சந்தேகம்தான் இன்றுவரை அட்டையில் எச்சரிக்கையாக நிற்கிறது. ஆனால் 2002-இல் ஃபின்லாந்தில் 12 ஆண்களை வைத்துச் சோதித்தபோது அசிட்டால்டிஹைடு ஏறவே இல்லை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் 2021 வழிகாட்டுதல், மதுவைத் தவிர்க்க வேண்டிய தேவையில்லை என்றே சொல்லிவிட்டது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறையோ, மாத்திரை முடிந்த பின்னும் இரண்டு நாள் பொறுக்கச் சொல்கிறது; அதே வகை மருந்தான டினிடசோல் என்றால் மூன்று நாள், அது உடலில் கூடுதல் நேரம் தங்குவதால்.

"நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்றேன். "பன்னிரண்டு பேரை வைத்து நடந்த ஆய்வு அது. மாத்திரையே குமட்டுகிறது, மது அதைக் கூட்டும். 48 மணி நேரம் பொறுப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மறந்துபோய் ஒரு வாய் குடித்துவிட்டேன் என்று பயந்து மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார்களே, அதுதான் அம்மா தப்பு."

எனக்கும் இதுதான் சரியென்று படுகிறது. அடுத்த வேளை மாத்திரையை விடுவதுதான் பெரிய ஆபத்து.

செப்டம்பர் 15

மாத்திரை முடிந்தது. வாடை இல்லை.

அக்டோபர் 6

இருக்கிறது. மாதவிலக்கு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இரவு அத்தை மகளிடம் பேசினேன். அவளுக்கும் இதே தொல்லை உண்டாம். தினம் இரண்டு வேளை வாசனைத் திரவம் போட்டு உள்ளே வரை கழுவுகிறாளாம். கேட்டதும் மனம் பதறியது. யோனியில் லாக்டோபாசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. லாக்டிக் அமிலத்தைச் சுரந்து மற்றக் கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருப்பவை அவையே. உள்ளே விட்டுக் கழுவக் கழுவ அவைதாம் முதலில் போகும். மாதவிலக்கு ரத்தமும் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. எனக்கு அந்த நாட்களை ஒட்டி வருவது அதனால்தான். சுத்தமில்லாதவள் என்று தன்னையே நொந்துகொண்டு இன்னும் அழுத்திக் கழுவுகிறாள் பாவம். இது அழுக்கால் வரும் நோயல்ல என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும்.

அக்டோபர் 10

மருத்துவர் பரிசோதித்தார், மறுபடி அதேதான். சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்துவிடுகிறது என்றார். இந்தக் கிருமிகள் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. மாத்திரை மேலே இருப்பதை அழித்தாலும் அடியில் இருப்பது தப்பிவிடும்.

அடுத்து அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை: "உங்கள் கணவரை அழைத்து வர முடியுமா?"

மெல்போர்னில் 164 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. முடிவு இந்த மார்ச்சில்தான் வெளியானது. ஒரு பிரிவில் மனைவிக்கு மட்டும் சிகிச்சை. இன்னொன்றில் கணவருக்கும் ஏழு நாள் மெட்ரோனிடசோல், கூடவே ஆணுறுப்பில் தடவ 2 சதவீத கிளிண்டமைசின் களிம்பு. பன்னிரண்டு வாரத்தில், மனைவிக்கு மட்டும் கொடுத்த பிரிவில் 63 சதவீதம் பேருக்குத் திரும்பியது. இருவருக்கும் கொடுத்ததில் 35 சதவீதம். வித்தியாசம் அத்தனை தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ஆணுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஆனால் தோலிலும் சிறுநீர்ப் பாதையிலும் இதே கிருமிகள் தங்கியிருக்கும்.

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை காலமும் மாத்திரை விழுங்கியது, கூசிக்கொண்டு படுத்தது, தன்னைத்தானே சந்தேகப்பட்டது எல்லாம் பெண்கள் மட்டும்தானே!

அக்டோபர் 12

கணவரிடம் நேற்று இரவு சொன்னேன். முதலில், "எனக்கு எதுவும் இல்லையே" என்றார். ஆய்வைப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாமே" என்றார். அந்தக் குரலில் குறையில்லை, வருத்தம்தான் இருந்தது.

இன்று இருவரும் தொடங்கிவிட்டோம். மருந்துக் கடைக்காரர் களிம்பைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பைக்குள் போட்டுக் கொடுத்தாராம். என்ன குற்றம் செய்துவிட்டோம் என்று அத்தனை மறைப்பு? ஏழு நாளும் விலகி இருக்க வேண்டும். கிளிண்டமைசின் களிம்பு எண்ணெய் சார்ந்தது என்பதால் ஆணுறையை வலுவிழக்கச் செய்யும். ஆணுறையை நம்பி இருக்க முடியாது.

அக்டோபர் 19

நேற்று இரவோடு இருவருக்கும் மாத்திரை முடிந்தது. நாளை தீபாவளி. மாலையில் அவருடைய கல்லூரி நண்பர்கள் கூடினார்கள். வருடம் தவறாத கூட்டம். பீர் நீட்டியவரிடம், மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். "நேற்றோடு முடிந்துவிட்டது என்றாயே, அப்புறம் என்ன?" என்று விடவில்லையாம். முடிந்த பிறகும் 48 மணி நேரம் என்று சொல்லிவிட்டு எலுமிச்சை சோடா குடித்துவிட்டு வந்திருக்கிறார். என்ன நோய்க்கு என்று கேட்டார்களா என்றேன். "கேட்டார்கள். எங்கள் இருவருக்கும் ஒரு தொற்று, சேர்ந்து மருந்து சாப்பிடுகிறோம் என்றேன்."

தட்டில் அதிரசம் வைத்துக் கொடுத்தேன். இரும்புச் சுவை எனக்கு இன்னும் போகவில்லை.

டிசம்பர் 7

அதன் பிறகு வந்த மாதவிலக்குகளுக்குப் பின் வாடை எழவில்லை. இது முடிந்துவிட்டது என்று இப்போதே எழுத மாட்டேன். ஜனவரியில் மறுபடி பரிசோதனை. திரும்பி வந்தால் மெட்ரோனிடசோல் ஜெல்லை வாரம் இருமுறை வீதம் சில மாதங்களுக்கு வைக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். போரிக் அமில மாத்திரையும் ஒரு வழிதான் என்றாலும், யோனிக்குள் மட்டுமே வைக்க வேண்டியது. வாயில் போட்டால் நஞ்சு, கருவுற்றவர்கள் தொடவே கூடாது.

அத்தை மகள் திரவத்தை நிறுத்திவிட்டாள். இப்போது கருவுற்றிருக்கிறாள். கருவுற்ற காலத்தில் இந்தத் தொற்று இருந்தால் குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்பு கூடும் என்பதால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடு என்றேன். செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போகிறேன்.