எடுத்த படங்களை யாரிடம் சேர்ப்பது?

நான் 11 ஆண்டுகளாகத் தும்பிகளைப் படம் எடுத்துவருகிறேன். இது என் தொழில் அன்று; விடுமுறை நாள்களின் காலைப்பொழுதுகளில் நீர்நிலை ஓரங்களில் சிறியவற்றை நெருக்கத்தில் படம் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸோடு காத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் 6 ஆண்டுகளில் எடுத்தவற்றை என் வீட்டாரைத் தவிர வேறு எவரும் பார்த்ததில்லை. படம் நன்றாக இருந்தால் அது தானாகவே வெளியே தெரியவரும் என்று நம்பினேன். என் படத்தைப் பாருங்கள் என்று நானே சொல்வது தற்புகழ்ச்சி ஆகிவிடும் என்ற கூச்சமும் இருந்தது.

அந்தக் கூச்சம் விலகுவதற்கு நன்னூல் எனக்கு உதவியது. தன்னைத் தானே புகழ்வது தகுதி அன்று என்று ஒரு நூற்பாவில் சொல்லும் பவணந்தி முனிவர், அடுத்த நூற்பாவிலேயே அது தகும் என்பதற்கு நான்கு இடங்களைக் காட்டுகிறார். அவற்றுள் ஒன்று, தன் ஆற்றலை உணராதவர்களின் இடையே இருக்கும்போது. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர் எப்போதும் இருப்பது அந்த இடத்தில்தான். தொழில்முறைக் கலைஞருக்குக் கடைப்பலகையும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். நாமே சொன்னாலன்றி, நாம் படம் எடுக்கிறோம் என்பதே பிறருக்குத் தெரியாது. குடத்திலிட்ட விளக்கைக் குன்றின் மேல் ஏற்றிவைப்பதற்கு நம்மை விட்டால் வேறு ஆள் இல்லை.

இந்த வகையில் நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பவர்கள் இருவர். பிரிட்டிஷ் ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூனுக்கு 1863ஆம் ஆண்டின் இறுதியில், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அவர் படக்கூடம் நடத்தி வாடிக்கையாளர்களுக்காகப் படம் எடுத்தவர் அல்லர். ஆயினும் தன் படங்களுக்கு முறையாகப் பதிப்புரிமை பதிவு செய்தார், பிரிண்டுகளில் கையொப்பமிட்டார், கண்காட்சிகளுக்கு அனுப்பினார். 1865ஆம் ஆண்டிலேயே இலண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கியது. மற்றவர், சிகாகோவில் குழந்தை பராமரிப்பாளராகப் பணியாற்றிய விவியன் மேயர். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை அவர் விட்டுச்சென்றார்; ஆனால் 2007இல் வாடகை கட்டாத சேமிப்பறையிலிருந்த பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகே அவை வெளியாள்களின் கைக்கு வந்தன. 2009இல் அவர் இறந்தபோதும் உலகம் அவரை அறிந்திருக்கவில்லை. இன்று அவர் பெயரில் தொங்கும் படங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிறரே. எது என் படம், எது வெறும் முயற்சி என்று பிரித்துச்சொல்லும் உரிமையை நாம் உயிரோடு இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும் என்பதையே நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

ஆகவே முதல் வேலை தேர்வு. இதற்கு நான் செலவிட்ட நேரம், மற்ற எல்லாவற்றுக்கும் செலவிட்ட நேரத்தைவிட அதிகம். என்னிடம் ஏறத்தாழ 2,400 படங்கள் இருந்தன. அவற்றிலிருந்து 20ஐ எடுக்க 3 மாதங்கள் ஆயின. ஒரே தும்பி ஒரே கிளையில் அமர்ந்திருக்கும் 2 படங்களில் ஒன்றை நீக்குவது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். அதுவே மிகக் கடினமாக இருந்தது. இடுப்பளவு நீரில் ஒரு மணி நேரம் நின்று எடுத்த படத்தின் மீது நமக்கு இருக்கும் பற்று, அந்த நீரில் நிற்காத பார்வையாளருக்கு இராது. எனவே படம் எடுத்த கதையை அறியாத ஒருவரிடம் காட்டி, அவர் கண் எதில் நிற்கிறது என்று கவனிப்பதே நல்லது. பிரிட்டனின் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி தன் முதல்நிலைத் தகுதிக்கு 10 படங்களைக் கொண்ட தொகுப்பைக் கேட்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், எனக்கு 10 படங்கள் மட்டுமே என்றால் எவை என்று ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் கேட்டுப்பார்க்கலாம். சூரிய உதயம், பூனை, திருமணம், கட்டடம் என எல்லாம் கலந்த 200 படங்களைப் பார்த்தவர் எதையும் நினைவில் கொள்வதில்லை. தும்பிகள் மட்டும் 20 என்றால், தும்பிப் படம் தேவைப்படும் நாளில் அவருக்கு நம் நினைவு வரும்.

அடுத்தது படக்குறிப்பு. இதில் நான் செய்த தவறு இன்றும் என்னை வருத்துகிறது. தொடக்கத்தில் என் படங்களுக்கு ‘நீலக் கனவு’, ‘மௌனம்’ என்றெல்லாம் பெயரிட்டேன். பூச்சியியல் ஆய்வாளர் ஒருவர் எப்படியோ அவற்றுள் ஒன்றைக் கண்டு, இந்த ஊசித்தும்பியை எங்கே, எந்த நாளில் கண்டீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டார். கேமராவின் கடிகாரத்தை நான் சரியாக அமைத்திருக்கவில்லை. படக்கோப்பில் கேமரா தானாகப் பதியும் எக்ஸிஃப் தகவல் பிழையான ஆண்டைக் காட்டியது. என்னால் பதில் சொல்ல இயலவில்லை. ஒரு நல்ல பதிவு பயனின்றிப் போயிற்று. அதன் பின் ஒவ்வொரு படத்தின் கீழும் இனத்தின் பெயர், ஆணா பெண்ணா, அது என்ன செய்துகொண்டிருந்தது, நாள், வாழிடம் ஆகியவற்றை எழுதுகிறேன். தும்பி இறக்கைகளை விரித்தபடி அமரும், ஊசித்தும்பிகளில் பெரும்பாலானவை முதுகின் மேல் மடித்து அமரும் என்பது போன்ற ஒரு வரியைச் சேர்த்தால், படத்தைப் பார்ப்பவர் அங்கே சற்று நின்று படிக்கிறார். தேடுபவர்களும் சொற்களைக் கொண்டுதான் தேடுகிறார்கள். ‘நீலக் கனவு’ என்று எவரும் தும்பியைத் தேடுவதில்லை. அரிய உயிரினமாக இருந்தால் மட்டும் துல்லியமான இடத்தை மறைத்துவிட வேண்டும். கூட்டமாகச் சென்று வாழிடத்தை மிதித்துவிடும் ஆபத்து உண்மையானது.

நம் பெயரையும் தொடர்பு முகவரியையும் கோப்பினுள் படத்தைப் பற்றிய விவரங்கள் இருக்கும் மெட்டாடேட்டாவில் எழுதிவைக்கலாம். ஆனால் பல சமூக ஊடகங்கள் பதிவேற்றும்போது அதை நீக்கிவிடுகின்றன என்பதால் குறிப்பிலும் பெயர் இருக்கட்டும். படத்தின் நடுவே பெரிய வாட்டர்மார்க் (படத்தின் மேல் பதிக்கும் பெயர்க்குறி) போடுவதை நான் ஆதரிக்கவில்லை. திருட்டுக்கு அஞ்சிப் படத்தையே மறைப்பது, காட்டாமல் இருப்பதற்குச் சமம்.

எங்கே வைப்பது என்பதில் என் கருத்து பலருடைய கருத்திலிருந்து வேறுபடலாம். இன்ஸ்டாகிராமில் நானும் இருக்கிறேன். நண்பர்கள் பார்க்கிறார்கள், அது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அங்கே இன்று போட்ட படம் சில நாள்களில் எவர் கண்ணிலும் படாத ஆழத்துக்குப் போய்விடுகிறது. எனக்கு நிலைத்த பயன் தந்தது, 2004இல் தொடங்கப்பட்ட விக்கிமீடியா காமன்ஸ் என்னும் இணையப் படக் களஞ்சியம். அங்கே தரும் படத்தை எவரும், வணிக நோக்கத்துக்கும் கூட, நம் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. இதை நன்கு புரிந்துகொண்ட பிறகே கொடுக்க வேண்டும். நான் 30 படங்களை மட்டும் அப்படிக் கொடுத்தேன், மற்றவற்றை வைத்துக்கொண்டேன். அந்த 30இல் சில கலைக்களஞ்சியக் கட்டுரைகளில் இடம்பெற்றன. ஒரு தகவலைத் தேடி வருபவர் அங்கே என் படத்தைக் காண்கிறார். அவரை நான் அழைக்க வேண்டியதில்லை.

பிரிண்ட் போடத் தயங்குபவர்களுக்கு ஒரு கணக்கு: 8க்கு 10 அங்குலத் தாளில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தரத்தில் அச்சிட 2,400க்கு 3,000 பிக்சல் போதும், அது 7.2 மெகாபிக்சல்தான். பழைய கேமராவே போதுமானது. ஒரே அளவில் 12 பிரிண்டுகள் இருந்தால் ஒரு நூலகத்தின் சுவரைக் கேட்கலாம்.

போட்டிகளைப் பொறுத்தவரை, விதிகளின் இறுதிப் பத்திகளைப் படிக்காமல் அனுப்ப வேண்டாம். பதிப்புரிமைக்கான பன்னாட்டு உடன்படிக்கையாகிய பெர்ன் ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகளில் பதிவு எதுவும் இல்லாமலேயே, படம் எடுத்த கணம் முதல் அதற்குப் பதிப்புரிமை உண்டு. அதைக் கையெழுத்திட்டு விட்டுக்கொடுப்பவர்கள் நாம்தான். நான் அனுப்பிய ஒரு போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் என் படம் என் பெயரின்றி அமைப்பாளர்களின் நாள்காட்டியில் வந்தது. அனுப்பப்படும் எல்லாப் படங்களையும் அவர்கள் எக்காலத்துக்கும் பயன்படுத்தலாம் என்று விதியில் எழுதியிருந்தது. பரிசு பெற்ற படங்களைப் போட்டியை அறிவிப்பதற்கு மட்டும் பயன்படுத்துவோம் என்பது நியாயமான விதி. அதைத் தாண்டியவற்றை இப்போது நான் தவிர்க்கிறேன்.

பெயர் சற்றுத் தெரியத் தொடங்கியதும், பணம் இல்லை, ஆனால் உங்கள் பெயர் பரவும் என்று சொல்லிக்கொண்டு நிறுவனங்கள் வரும். நூலகத்துக்கும் ஆய்வுக்கும் நான் இலவசமாகத் தருகிறேன். படத்தால் பணம் ஈட்டுபவரிடம் பணம் கேட்கிறேன். அந்த வேலையையே நம்பி வாழும் கலைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய விலையை நம் பொழுதுபோக்கு கீழே இழுத்துவிடக் கூடாது.

சென்ற வாரம் ஒரு பள்ளி ஆசிரியர் எழுதியிருந்தார். வகுப்பறைச் சுவரொட்டிக்கு, இறக்கை மடித்த ஊசித்தும்பியும் இறக்கை விரித்த தும்பியும் அருகருகே வேண்டுமாம். அவர் என்னைக் கண்டடைந்தது ஒரு படக்குறிப்பின் வழியாக. இரண்டு படங்களையும் முழு அளவில் அனுப்பி, நாளையும் இனப்பெயர்களையும் எழுதி, படங்களின் கீழே என் பெயரையும் அச்சிடும்படி கேட்டுக்கொண்டேன்.