முகப்புப் பக்கமும் முகம் தெரியாத வணிகரும்

ஓர் இணையதளத்தைத் திறப்பவர் முதல் வரியைப் படித்து முடிப்பதற்குள் அந்த நிறுவனத்தைப் பற்றி ஓர் எண்ணத்துக்கு வந்துவிடுகிறார் என்று சொல்ல, கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டே லிண்ட்கார்ட் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வை இணைய வடிவமைப்புத் தொழிலில் இருக்கும் நாங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவோம். முகப்புப் பக்கங்களை 50 மில்லி விநாடி மட்டும் காட்டி, அவை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தன என்று கேட்டபோது கிடைத்த மதிப்பீடுகள், 500 மில்லி விநாடி காட்டியபோது கிடைத்தவற்றோடு பெரிதும் ஒத்துப்போயின. கண் இமைப்பதற்கே 50 மில்லி விநாடியைவிடக் கூடுதல் நேரம் ஆகும். ஆனால் அந்த ஆய்வு அளந்தது கவர்ச்சியைத்தான், நம்பிக்கையை அன்று. அரை நொடிக்குள் வாடிக்கையாளர் உங்களை நம்பலாமா கூடாதா என்று முடிவுசெய்துவிடுகிறார் என்று விற்பனைக் கூட்டங்களில் அதை விரித்துச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

நம்பிக்கையைப் பற்றிப் பேச ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி. ஜே. ஃபாக் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வே பொருத்தமானது. அதில் 2,684 பேர், ஒரே துறையைச் சேர்ந்த இரண்டு தளங்களை ஒப்பிட்டு, எது நம்பத்தக்கது, ஏன் என்று தம் சொற்களில் எழுதினர். அந்தக் கருத்துகளில் 46.1 சதவீதம் தளத்தின் தோற்றத்தைக் குறிப்பிட்டன. பக்க அமைப்பு, எழுத்துரு, படங்கள், வண்ணச் சேர்க்கை ஆகியவையே நம்புவதற்கும் நம்பாததற்கும் காரணமாகச் சொல்லப்பட்டன. வாடிக்கையாளரின் தகவல்களை என்ன செய்வோம் என்று நிறுவனங்கள் வழக்கறிஞரை வைத்து எழுதும் பக்கத்தைப் பொருட்படுத்தியவர்கள் மிகச் சிலரே. நிதித் துறைத் தளங்களில் தோற்றத்தைப் பற்றிய கருத்துகளின் விகிதம் பாதியைத் தாண்டியது என்பதுதான் என்னைக் கூடுதலாக யோசிக்க வைத்தது. பணத்தைக் கையாளும் இடத்தில் அல்லவா மக்கள் மேலும் ஆழமாக ஆராய வேண்டும்?

இதற்கு விடை அந்த ஆய்வோடு இணைத்து நடத்தப்பட்ட இன்னொரு சிறிய ஆய்வில் இருக்கிறது. நிதி, உடல்நலம் ஆகிய துறைகளின் வல்லுநர்களிடம் இதே கேள்வியைக் கேட்டபோது, அவர்கள் தோற்றத்துக்கு அவ்வளவு இடம் தரவில்லை. தகவல் யாரிடமிருந்து வருகிறது, எவ்வளவு விரிவாக இருக்கிறது என்று பார்த்தனர். ஆக, சரக்கின் தரத்தை நேரடியாகச் சோதிக்கும் அறிவோ வழியோ இல்லாதவர், தன் கண்ணுக்கு எட்டியதைக் கொண்டு எட்டாததை எடைபோடுகிறார். பக்கத்தை ஒழுங்காக வைக்காதவர் கணக்கை மட்டும் ஒழுங்காக வைப்பாரா என்ற ஐயம் அவருக்கு எழுவதில் தவறு காண முடியாது. அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவனம் அலங்காரம் எதுவும் இல்லாமல் பிற பக்கங்களுக்கான இணைப்புகளின் வெறும் பட்டியலையே முகப்புப் பக்கமாகப் பல ஆண்டுகள் வைத்திருந்தும் அதன் மதிப்பு குறையவில்லை என்றால், அதைத் தளத்தின் வழியாக யாரும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை என்பதே காரணம். ஐரோப்பாவிலிருந்து தேடி வரும் புதிய கொள்முதலாளருக்குத் திருப்பூரின் நடுத்தர ஏற்றுமதியாளர் ஒருவர் அப்படி அறிமுகமானவர் அல்லர்.

தோற்றம் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். ஜப்பானில் மசாக்கி குரோசு, காவோரி கஷிமுரா ஆகிய இருவரும் ஏடிஎம் திரைக்கு 26 வகையான பொத்தான் அமைப்புகளை 252 பேரிடம் காட்டி 1995இல் வெளியிட்ட ஆய்வில், அழகாகத் தெரிந்த அமைப்புகளையே மக்கள் பயன்படுத்த எளிதானவை என்றும் மதிப்பிட்டனர். இது ஜப்பானியரின் அழகுணர்ச்சியால் வந்த முடிவாக இருக்கும் என்று கருதிய நோவாம் டிராக்டின்ஸ்கி இஸ்ரேலில் அதைத் திரும்பச் செய்தபோது, அந்தத் தொடர்பு அங்கே மேலும் வலுவாக இருந்தது.

தமிழில் நடத்தப்படும் வணிகத் தளங்களில் இந்தத் தோற்றச் சிக்கல் எழுத்திலேயே தொடங்குகிறது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து அமைத்த வரி இடைவெளியில் தமிழை ஊற்றினால், மேல் வரியின் உகரச் சுழிகள் கீழ் வரியின் இகரக் கொக்கிகளோடு முட்டிக்கொள்கின்றன. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவை உலாவி தானாகத் தடிப்பாக்கும்போது ‘ணை’, ‘றை’ போன்றவற்றின் உட்குழிவுகள் அடைபட்டு மைக்கறை போல ஆகின்றன. இரண்டு ஆங்கிலச் சொற்களுக்காக வரைந்த பொத்தானில் ‘கொள்முதலை உறுதிசெய்க’ என்று எழுதினால் கடைசி எழுத்துகள் கட்டத்துக்கு வெளியே தொங்குகின்றன. இவற்றைச் சரிசெய்ய அரை நாள் வேலை போதும். ஆனால் வாடிக்கையாளர்களாக வரும் முதலாளிகள் பலர் அந்த அரை நாளுக்குப் பணம் தர யோசித்துவிட்டு, முகப்பில் தாமாக நகரும் படங்களுக்கு மகிழ்ச்சியோடு தருகிறார்கள். புதுமையாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் டுக் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, நெரிசல் குறைவாகவும் அந்த வகைத் தளம் வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படியும் இருக்கும் பக்கங்களே முதல் பார்வையில் கூடுதலாகப் பிடித்துப்போகின்றன. ஜவுளிக்கடைத் தளம் ஜவுளிக்கடைத் தளம் போல இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, தோற்றத்தை எவரும் திருடலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். போலித் தளங்கள் ஏன் வெற்றி பெறுகின்றன என்று ரச்னா தமிஜாவும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வங்கியின் முகவரியில் டபிள்யூ எழுத்துக்குப் பதிலாக இரண்டு வி எழுத்துகளை இட்டு உருவாக்கிய நகல், பங்கேற்ற 22 பேரில் பத்தில் ஒன்பது பங்கினரை ஏமாற்றியது. அந்தப் பக்கத்தில் அசையும் கரடி ஒன்று இருந்தது. சிலர் அதை மறுபடி பார்ப்பதற்காகவே பக்கத்தைத் திரும்பத் திறந்தார்களாம். ஆகவே, என்னிடம் தளம் கேட்டு வரும் சிறு நிறுவனங்களிடம் அழகோடு சேர்த்து, வெளியே போய்ச் சரிபார்க்கக்கூடிய செய்திகளையும் முகப்பிலேயே போடச் சொல்கிறேன்: தெருப் பெயரோடு முழு முகவரி, வேலை நேரத்தில் ஆள் எடுக்கும் தொலைபேசி எண், அரசுத் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கக்கூடிய ஜிஎஸ்டி எண், விலைக்கு வாங்கிய படங்களுக்குப் பதிலாகச் சொந்தத் தறிக்கூடத்தின் படங்கள். ஜிஎஸ்டி எண் பக்கத்தின் அழகைக் கெடுக்கிறது என்று சொல்லி அதை அடியில் மங்கலான சாம்பல் நிறத்தில் ஒளித்துவைக்க விரும்புகிறவர்களோடுதான் எனக்கு இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.