அழாத முகத்தை வரைவது

தர்மபுரியில் உருவப்படம் வரைந்து பிழைக்கிற எனக்கு வரும் வேலையில் முக்கால்வாசி இறந்துபோனவர்களின் படம்தான். ஆதார் போட்டோவையோ கல்யாண ஆல்பத்தில் வெட்டி எடுத்ததையோ கொண்டு வருவார்கள், சிரித்த மாதிரி வரையச் சொல்வார்கள், வரைந்து கொடுத்துவிடலாம். என்னைப் படுத்துவது எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் முகங்கள். பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்து செத்த மகனின் படத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, "மீசைய மட்டும் கொஞ்சம் கறுப்பா வச்சிடு தம்பி" என்ற ஒரு அப்பாவை, அவர் சம்மதத்தோடு, எனக்காகத் தனியாக வரைந்துகொண்டிருக்கிறேன்.

வேதனை என்றாலே பிளந்த வாயும் வழியும் கண்ணீரும் என்று வரைகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாய்விட்டு அழுதவருக்குப் பாரம் கொஞ்சமாவது இறங்கியிருக்கும். அழாதவருக்கு அது புருவத்தில் நிற்கிறது. முகபாவங்களைப் பற்றி டார்வின் 1872இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார்: துக்கத்தில் புருவங்களின் உள்முனை மட்டும் மேலேறும், நடுநெற்றியில் லாடம் மாதிரி மடிப்பு விழும், வேண்டுமென்றே அப்படிச் செய்து காட்டப் பெரும்பாலோரால் முடியாது. கண்ணாடி முன் நின்று முயன்று பாருங்கள், தெரியும். மாடலை உட்காரவைத்து "சோகமா இருங்க" என்று சொல்லி வரைந்த படங்கள் ஏன் பொய்யாக இருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. நடுகல் வீரனுக்கு உடம்பில் அம்பு தைத்திருந்தாலும் முகத்தில் வலி இருக்காது. செதுக்கியவருக்கு வேண்டியது வீரம், சரி, என் தேவை வேறு.

எனக்கு வழி காட்டியவர் ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ். இளைய மகன் பீட்டரை 1914இல் பெல்ஜியப் போர்முனையில் பறிகொடுத்தவர். பல வருடம் கழித்து அவர் மரத்தில் செதுக்கி அச்சிட்ட 'பெற்றோர்' படத்தில் இருவரும் மண்டியிட்டிருக்கிறார்கள், அப்பா கையால் முகத்தைப் பொத்தியிருக்கிறார், அம்மா குனிந்து அவர்மேல் கவிழ்ந்திருக்கிறாள், கண் என்று ஒன்றுகூடத் தெரியாது, முதுகும் தோளும் கையும்தான் மொத்தப் படமும்.

அதைப் பார்த்தபிறகு இந்த அப்பாவின் முகத்தை அப்படியே விட்டுவிட்டு, கழுத்து நரம்பிலும், முழங்காலை அழுத்திப் பிடித்திருக்கும் விரல்களிலும் வேலை செய்கிறேன். விரல் வந்துவிட்டது. இமையோரச் சிவப்புதான் இன்னும் படியவில்லை, கொஞ்சம் கூடினாலும் கண்வலி வந்தவர் மாதிரி ஆகிவிடுகிறது. முடிந்ததும் முதலில் அவரிடம்தான் காட்டுவேன், வேண்டாம் என்றால் வெளியே வைக்கமாட்டேன்.