நட்சத்திர வரைபடம் இருக்கட்டும், முதலில் நிறுத்து பொத்தான்

தொலைநோக்கியை உலாவியிலிருந்தே ஓட்ட வேண்டும் என்ற ஆசை பிடித்து நான்கு மாதம் ஆகிறது. ஒவ்வோர் இரவும் மடிக்கணினியை வெளியே தூக்கிப்போய், பனி இறங்காமல் இருக்க அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதற்குள் தலையை விட்டு வேலை பார்த்துச் சலித்துவிட்டது. திட்டம் எளிமையானது. தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் காலடியில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, அதில் வானியல் கருவிகளை இயக்கும் இண்டி சர்வர் என்ற மென்பொருள், கையில் கைபேசி. திரை நிறைய அழகான நட்சத்திர வரைபடம். தொட்ட இடத்துக்குத் தொலைநோக்கி திரும்ப வேண்டும்.

அந்த வரைபடம் இன்னும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

இண்டி சர்வர் 7624 என்ற போர்ட்டில், அதாவது பிணைய வாசலில், எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு வரிகளாகப் பேசும். உலாவியால் அந்தக் கதவை நேராகத் தட்ட முடியாது. உலாவிக்கு வெப்சாக்கெட் என்ற இணைப்பு முறை வேண்டும். எனவே நடுவில் பைதான் நிரல்மொழியில் ஒரு சிறு பாலம் எழுதினேன். அது ஒரு மாலை வேலை. இண்டியின் சிறப்பு என்னவென்றால், ஒவ்வொரு கருவியும் தன்னிடம் என்னென்ன பண்புகள் உண்டு என்று தானே சொல்லிவிடும். அந்தப் பட்டியலை வாங்கி, தானாகவே பெட்டிகளும் பொத்தான்களும் முளைக்கும்படி செய்தேன். பகலில் கருவிபோல் நடிக்கும் சிமுலேட்டரை வைத்துப் பார்த்தபோது பெருமையாகத்தான் இருந்தது. இரவில் வெளியே கொண்டுபோனால் நூற்றுச்சொச்சம் பெட்டிகள்! குவியத்தைச் சரிசெய்யும் பொத்தானைத் தேடி விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உண்மையில் கை போகும் ஏழு காரியங்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அந்த முதல் வடிவத்திலிருந்து ஒன்றை மட்டும் காப்பாற்றினேன். இண்டியில் ஒவ்வொரு பண்புக்கும் நான்கு நிலைகள் உண்டு: சும்மா இருக்கிறது, சரி, வேலையில் இருக்கிறது, கோளாறு. என் பழைய திரையில் பொத்தானைத் தொட்டதும் 'திரும்புகிறது' என்று எழுத்து வந்துவிடும், மவுண்ட் அசையாவிட்டாலும். இப்போது கருவியே சொன்னால் ஒழிய எழுத்து மாறாது. தொட்டதற்கும் மாறுவதற்கும் நடுவில் ஒரு கணம் வெறுமையாக இருக்கிறது. உறுத்தலாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வெறுமை உண்மை.

பிறகு அந்தச் சம்பவம். திசைப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மவுண்ட் நகரும், விட்டால் நிற்கும். கணினியில் சுண்டெலியால் சோதித்தபோது அப்பழுக்கில்லை. கைபேசியில் விரலை அழுத்திப் பிடித்தேன். உலாவி அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு தன் பட்டியலைத் திறந்தது. விரலை எடுத்த செய்தி என் நிரலுக்கு வரவே இல்லை. தொலைநோக்கி முக்காலியின் காலை நோக்கிச் சாவகாசமாக நகர்ந்துகொண்டிருந்தது. நான் பட்டியலை மூடுவதா, பக்கத்தைப் புதுப்பிப்பதா என்று தடுமாறி, கடைசியில் மின்கம்பியைப் பிடுங்கினேன். குழாய்க்கும் காலுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி மிச்சம்.

நீண்ட அழுத்தப் பட்டியலைத் தடுப்பது இரண்டு வரி வேலை. ஆனால் வைஃபை அறுந்தாலும், கைபேசி உறங்கினாலும், யாராவது அழைத்தாலும் இதே கதிதானே? ஆகவே தர்க்கத்தையே தலைகீழாக்கினேன். 'நகரத் தொடங்கு', 'நில்' என்று இரண்டு கட்டளைகள் இல்லை. விரல் பொத்தானில் இருக்கும்வரை 200 மில்லி விநாடிக்கு ஒருமுறை 'இன்னும் பிடித்திருக்கிறேன்' என்று உலாவி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 600 மில்லி விநாடி குரல் கேட்காவிட்டால் பாலமே மவுண்டை நிறுத்திவிடும். நிறுத்து பொத்தான் திரையின் அடியில் முழு அகலத்துக்கு, கையுறையோடு குத்தினாலும் படும் அளவுக்கு இருக்கிறது. அது எந்தப் பக்கத்திலும் மறையாது.

அடுத்து எண்கள். இதில் மட்டும் மூன்று வாரம் போயிற்று.

எந்த விண்மீனைக் கேட்டாலும் ஒரே பக்கமாகச் சற்று விலகியே நின்றது. விண்மீன் பட்டியலில் இருப்பவை 2000-ஆம் ஆண்டுக்கான ஆயங்கள், அதாவது வானில் இடத்தைச் சொல்லும் எண்கள். மவுண்ட் எதிர்பார்ப்பது இன்றைய தேதிக்கானவை. பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 50 விகலை நழுவும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை). 25 ஆண்டில் 21 கலை ஆகிவிடுகிறது. நிலவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மாற்றும் கணக்கை ஆஸ்ட்ரோபை என்ற வானியல் நிரல் நூலகத்திடம் ஒப்படைத்தேன். திரையில் எந்த ஆண்டுக்கான ஆயம் என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த இரவில் ஓரியனின் இடுப்புப் பட்டை மேலே வந்திருந்தது. அல்நிடாக் சரி. அல்நிலம் சரி. மிண்டாகா இல்லை! மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. இரண்டு சரியாக வந்து ஒன்று மட்டும் தப்பினால் மவுண்டைக் குறைசொல்ல முடியாது. உட்கார்ந்து எண்களைப் பார்த்தேன். மிண்டாகாவின் நடுவரை விலக்கம், அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானில் செல்லும் வான நடுவரையிலிருந்து அது விலகியிருக்கும் அளவு, கழித்தல் 0 பாகை 17 கலை 57 விகலை. என் நிரல் பாகையைத் தனியாகப் பிரித்து, அது பூச்சியத்தைவிடச் சிறியதா என்று கேட்டுக் குறியை முடிவுசெய்தது. கழித்தல் பூச்சியம் பூச்சியத்தைவிடச் சிறியதல்ல என்று உலாவியின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் நேர்மையாகப் பதில் சொன்னது. குறி தொலைந்தது, தொலைநோக்கி வான நடுவரைக்கு மறுபக்கம், 36 கலை தள்ளிப் போய் நின்றது. பூச்சியத்துக்கும் கழித்தல் ஒன்றுக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய பட்டையில் மட்டுமே வெளிப்படும் பிழை. இப்போது எழுத்தில் கழித்தல் குறி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். மிண்டாகா என் சோதனைப் பட்டியலில் முதல் வரி.

படம் காட்டுவது பற்றிச் சுருக்கமாக. கேமரா தரும் ஃபிட்ஸ் என்ற வானியல் படக் கோப்பு 2880 பைட் கட்டங்களாக வரும். ஒவ்வோர் எண்ணிலும் மதிப்பில் பெரிய பைட் முன்னால் நிற்கும். அதைக் கவனிக்காமல் நேராகப் படித்ததால் என் முதல் ஓரியன் நெபுலா, சேனல் வராத பழைய தொலைக்காட்சி போல இரைச்சலாக இருந்தது. பைட்டுகளைத் திருப்பியதும் முழுக் கறுப்பு. 65,536 அளவு வெளிச்சத்தைத் திரையின் 256-க்குள் நேர்விகிதத்தில் அமுக்கினால் நெபுலா தரையோடு ஒட்டிப்போகிறது. இடைநிலை அளவைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றியுள்ள குறுகிய பகுதியை மட்டும் விரித்துக் காட்டியபோது சிறகு விரிந்தது. முதலில் இந்த விரிப்பை உலாவியில் செய்தேன். படத்துக்கு 32 மெகாபைட் வைஃபையில் ஊர்ந்து வந்தது. இப்போது ராஸ்பெர்ரி பையிலேயே விரித்துச் சிறிய ஜேபெக் படமாக அனுப்புகிறேன். தொட்ட இடம் மட்டும் முழுத் தெளிவில் வரும்.

சிவப்புத் திரை எளிது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு வெள்ளை மின்னல் போதும் அதைக் கெடுக்க. என் பக்கம் சிவப்புதான். ஆனால் நிறங்களைச் சொல்லும் பாணிக் கோப்பு வந்து சேர்வதற்குள் உலாவி ஒரு கணம் வெள்ளையாக விழித்தது. தேர்வுப் பட்டியல் வெள்ளையாகத் திறந்தது. 'நிச்சயமா?' என்று கேட்கும் பெட்டி எல்லாவற்றையும்விட வெள்ளை. பின்புல நிறத்தைப் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதி, பட்டியலையும் பெட்டியையும் நானே வரைந்து, முகவரிப் பட்டை தெரியாத முழுத்திரைச் செயலியாக நிறுவும்படி மாற்றினேன். இவ்வளவுக்குப் பிறகும் கைபேசியின் பின்விளக்கு கறுப்பினூடே கசிகிறது. அதற்கு மேல் ஒரு சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிவிட்டேன். நான்கு மாதத்தில் உடனே பலித்த வேலை அது ஒன்றுதான்.

வரைபடத்துக்கு ஸ்ட்ராஸ்பர்க் வானியல் தரவு மையத்தின் அலாடின் லைட் என்ற வான வரைபட மென்பொருளை முயன்று பார்த்தேன். பகலில் வீட்டு இணையத்தில் அருமை. வெளியே இணையம் இல்லாத இடத்தில் வானத்தின் துண்டுப் படங்களை எங்கிருந்து எடுக்கும்? தேவையான துண்டுகளை முன்கூட்டியே ராஸ்பெர்ரி பையில் சேமிக்கும் வேலை பாதியில் நிற்கிறது. திரையின் நடுவில் அதற்கென்று விட்ட சதுரம் இன்னும் கறுப்பாகக் கிடக்கிறது. இரவில் அது கண்ணுக்கு இதமாக இருப்பதால் எனக்கும் அவசரம் இல்லை.