சூரியன் காய்ச்சியதாக நாங்கள் நம்பிய வெந்நீர்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் 2019 முதல் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், பத்தாவது படிக்கும் மகன், மாமியார். ஏசி கிடையாது. எல்லா விளக்கும் எல்.இ.டி. குளிக்க மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. கரண்ட் விஷயத்தில் சிக்கனமான குடும்பம் என்றுதான் என்னை நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

2024 டிசம்பர் பில்லில் 241 யூனிட் என்று வந்தது.

கர்நாடகத்தில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணின் கனம் புரியும். மாநில அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில், 2022-23இல் எங்களைப் போன்ற ஒரு வீட்டின் மாதச் சராசரி என்னவோ அதோடு 10 சதவீதம் சேர்த்து, அந்த அளவு வரை இலவசம். அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் பணம். 200ஐத் தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டும். எங்கள் மின் இணைப்புக்குச் சராசரி 142, இலவச அளவு 156. முழுப் பணத்தையும் கட்டினோம்.

பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு. அந்த 142க்குப் பிறகு வீட்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. அதே ஃபிரிட்ஜ், அதே வாஷிங் மெஷின், அதே நாலு பேர். அப்படியானால் கூடுதலாக நூறு யூனிட் எங்கே போகிறது?

மகனின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, காலை 5 மணிக்கும் இரவு 10 மணிக்கும் மீட்டரைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். நாலாம் நாளே விடை கிடைத்துவிட்டது, ஆனால் அது விடை என்று புரியப் பத்து நாள் ஆனது. இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை, நாங்கள் தூங்கும் நேரத்தில், 4.2 யூனிட் ஓடியிருந்தது. இரண்டு சீலிங் ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட், ஏழு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஃபிரிட்ஜையும் வைஃபை பெட்டியையும் சேர்த்தால் ஒன்றரை. மீதி 2.7 யூனிட்டுக்கு வீட்டில் ஆளே இல்லை.

மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரியுமே, கவனித்திருப்பீர்கள். எங்கள் மீட்டரில் அதன் பக்கத்தில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது, மீட்டருக்கு மீட்டர் இந்த எண் மாறும். 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். விலை கொடுத்து எந்தக் கருவியும் வாங்க வேண்டாம், இந்தப் புள்ளியே போதும். ஒரு ராத்திரி பத்தேகாலுக்குக் கணவரை மீட்டர் முன்னால் நிறுத்திவிட்டு, நான் உள்ளே ஒவ்வொரு எம்.சி.பி.யாக, அதாவது ஒவ்வொரு லைனையும் தனித்தனியாகத் துண்டிக்கும் சுவிட்சாக, இறக்கினேன். ஃபிரிட்ஜ் நின்றது, ஃபேன் நின்றது. புள்ளி மட்டும் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை துடித்துக்கொண்டே இருந்தது. அந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2000 வாட். கடைசியாக, பெயர் எழுதாத ஓர் எம்.சி.பி.யை இறக்கியதும் "நின்னுடுச்சு" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அந்த ஒயர் பால்கனிக் கதவின் பின்னால் இருந்த ஒரு பெரிய சுவிட்சுக்குப் போனது. அதன் இண்டிகேட்டர் விளக்கு எப்போதோ கெட்டுப்போயிருந்தது. சுவிட்ச் ஆனில் இருந்தது. நாங்கள் குடிவந்த நாளிலிருந்தே ஆனில்தான் இருந்திருக்க வேண்டும். மாடியில் உள்ள 200 லிட்டர் சோலார் டேங்குக்குள் ஒரு ஹீட்டர் காயில் இருக்கிறது, மழை நாளுக்காக வைத்த பேக்கப். டேங்க் ஆறினால், சூட்டைப் பார்த்துத் தானாக இயங்கும் தெர்மோஸ்டாட் அதை ஓட விடும். சோலார் நன்றாக வேலை செய்த காலத்தில் டேங்க் எப்போதும் சூடாக இருந்ததால் காயிலுக்கு அதிகம் வேலை இல்லை. சோலார் படுத்ததும் காயில் சத்தமில்லாமல் அதன் வேலையை எடுத்துக்கொண்டது. குழாயில் வெந்நீர் வழக்கம்போல வந்ததால் எங்களுக்குத் தெரியவே இல்லை.

சுவிட்சை அணைத்தேன். மறுநாள் காலை தண்ணீர் வெதுவெதுப்புக்கும் கீழே. டிசம்பர் குளிரில் அத்தைக்கு அது போதாது. "வெந்நீர் இல்லாம என்னால ஆகாதும்மா, முட்டி புடிச்சுக்குது" என்றார். அவரை வருத்தி மிச்சப்படுத்தும் யூனிட் எனக்கு வேண்டாம். ஒரு வாரம் கேஸில் பானை வைத்துக் காய்ச்சினேன். அப்புறம் கீழே ஓனர் ஆன்ட்டியிடம் போனேன்.

"பிசிலு இதே அல்லா, நீரு யாக்கே பிசி ஆகல்ல?" என்று கன்னடத்தில் கேட்டார். வெயில்தான் அடிக்கிறதே, தண்ணீர் ஏன் சூடாகவில்லை என்பது நியாயமான கேள்வி. நோட்டைக் காட்டினேன். எண்களாகப் பார்த்ததும் பேச்சு எளிதாகிவிட்டது. போனில் விசாரித்த ஒரு கடைக்காரர் வந்து பார்க்காமலேயே, பழையதைக் கழற்றிவிட்டுப் புதுசு போடச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. கே.ஆர்.புரம் பக்கம் வேலை செய்யும் ஒரு கிருஷ்ணகிரிக்கார மெக்கானிக் கிடைத்தார். "காலைல ஆறு மணிக்கு வர்றேன்க்கா, வெயில் ஏறினா தொட முடியாது" என்றார். சோலாரில் வெயிலை வாங்கித் தண்ணீரைச் சூடாக்குவது வரிசையாக இருக்கும் கண்ணாடி டியூப்கள்தான்; வெயிலில் காய்ந்த காலி டியூபில் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடுமாம். ஆளை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

டேங்கை வடித்துவிட்டு ஒவ்வொரு டியூபாக உருவினார். உள்ளே அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்குச் சுண்ணாம்பும் சேறும். எங்களுக்குப் போர் தண்ணீர், கோடையில் டேங்கர். உப்பு சேராமல் எப்படி இருக்கும்? அதைவிட முக்கியமானதை அவர்தான் காட்டினார். டியூபின் அடி நுனியில் கண்ணாடிபோலப் பளபளக்கும் பேரியப் பூச்சு ஒன்று உண்டு. பிளாஸ்க் போலத்தான் இந்த டியூபும், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வெற்றிடம். அதுதான் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. வெற்றிடம் இருக்கும்வரை அந்த நுனி வெள்ளிபோல மின்னும். காற்று புகுந்துவிட்டால் பால் நிறமாக வெளுத்துவிடும். இருபதில் ஏழு வெளுத்திருந்தன. வெயில் தந்த சூட்டை அவை திரும்ப வெளியே விட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. உங்கள் வீட்டிலும் சோலார் இருந்தால், மெக்கானிக் வரும்போது அந்த நுனியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஏழு டியூப், ரப்பர் வாஷர்கள், கழுவும் கூலி எல்லாம் சேர்த்து 6,300 ரூபாய். டியூபுக்கு ஆன்ட்டி கொடுத்தார், மற்றதை நாங்கள் கொடுத்தோம். இரண்டு நாளில் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்தது. அத்தை விளாவிக் குளித்தார்.

இடையில் ஹால் ஃபேனை மட்டும் கரண்ட் குறைவாக எடுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினோம். செட்டாப் பாக்ஸை ராத்திரி சுவிட்சிலேயே அணைக்கிறோம். அவையெல்லாம் சின்ன மிச்சம்தான். பிப்ரவரி பில்லில் 128 யூனிட், கட்ட வேண்டிய தொகை பூஜ்யம்.

ஆனால் எனக்கு அந்தப் பூஜ்யத்தைவிட இன்னொரு கணக்குதான் மனதில் நிற்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி, நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. காயிலுக்கு மாதம் 90 யூனிட் என்று குறைத்தே வைத்தாலும் 63 கிலோ. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்றை முழுக்க எரித்தால் வருவதே ஏறக்குறைய 42 கிலோதான். மாதம் ஒன்றரை சிலிண்டரைச் சும்மா எரித்ததற்குச் சமம். அதுவும் பெரும்பாலும் இரவில். பகலில் கர்நாடகத்தின் பாவகடாவில் உள்ள 2,050 மெகாவாட் சோலார் பூங்கா கை கொடுக்கும். இரவில் அது ஓய்ந்திருக்கும்போது ரெய்ச்சூர், பெல்லாரி அனல் மின் நிலையங்களின் நிலக்கரிமேல் பாரம் கூடும். தலைக்கு மேல் சூரியன் சும்மா தருவதை விட்டுவிட்டு, எங்கிருந்தோ ரயிலில் வந்த நிலக்கரியில் நாங்கள் குளித்திருக்கிறோம். அது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

இப்போது அந்த சுவிட்சின் மேல் "மழை நாளுக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஜூலையில் மேகம் மூடிய ஒன்பது நாள் மட்டும் விடியற்காலையில் முக்கால் மணி நேரம் போட்டோம். இரண்டாம் மாடியில் இருப்பவர்கள் போன வாரம் வந்து நோட்டைக் கேட்டார்கள். அவர்கள் மீட்டரின் புள்ளியும் ராத்திரியில் வேகமாகத்தான் துடிக்கிறதாம்.