ஒரு காலணி நீளம் தள்ளி

அப்பா இறந்தபோது என்னைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். வேலூர் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் உண்டு. அப்பாவும் இருபது வருடம் பட்டாளத்தில் இருந்தவர்தான். ஆனாலும் அவரை எரித்த இடத்தை நான் பார்த்ததில்லை, அம்மாவும் பார்த்ததில்லை. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவது எங்கள் வழக்கத்தில் இல்லை.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவுக்கு வந்த இரண்டாம் வருடம், மே மாதக் கடைசியில், பக்கத்து வீட்டம்மா கல்லறைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். படைப்பணியில் உயிர்விட்டவர்களை நினைக்கும் மெமோரியல் டே வருகிறது, முன்னாள் படைவீரர்களின் கல்லறைகளில் சின்னக் கொடி நட ஆள் வேண்டுமாம். எனக்கு உடனே ‘இல்லை’ என்றுதான் வாயில் வந்தது. மகள்தான் விடவில்லை.

பிராட்வே சாலையில் இருக்கிறது அந்த இடம். தங்கம் தேடி ஊரே இங்கே திரண்ட 1849இல் தொடங்கியது. அடுத்த வருடமே காலரா வந்து கூட்டம் கூட்டமாகப் புதைத்திருக்கிறார்கள். பயந்துகொண்டே உள்ளே போனேன். முதலில் வந்தது ரோஜா வாசனை. பழைய காலத்து ரோஜா வகைகளைத் தேடிக் கொண்டுவந்து 1992 முதல் தன்னார்வலர்கள் இங்கே வளர்க்கிறார்கள். ஊரில் பூக்கடை வாசலில் நிற்பது போலவே இருந்தது.

ஒரு பெரியவர் கொடிக்கட்டைக் கையில் தந்தார். “கல்லிலிருந்து ஒரு காலணி நீளம் தள்ளி நடுங்க. நட்டதும் பெயரைச் சத்தமா படிங்க” என்றார்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காரர்களின் கற்கள் வெள்ளைப் பளிங்கு. நடுவில் கேடயம் போலக் குழித்து, அதற்குள் பெயர், படையில் அவர் இருந்த கம்பெனி, ரெஜிமென்ட். பிறந்த தேதியும் இல்லை, இறந்த தேதியும் இல்லை. சில எழுத்துகள் கரைந்துபோய், விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது. செங்கம் பக்கம் அப்பா ஒருமுறை நடுகல் காட்டினார். மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன் என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னார். இங்கே அந்த விவரமும் இல்லை.

“இவங்கல்லாம் சண்டையிலயா செத்தாங்க?” என்று மகள் கேட்டாள். பெரியவர் தலையாட்டி மறுத்தார். பெரும்பாலும் போர் முடிந்து, பிழைப்புத் தேடி மேற்கே வந்து, வயதாகி இறந்தவர்களாம். அப்பாவும் அப்படித்தான், ஓய்வு பெற்று வந்து சர்க்கரை நோயில் போனவர். ஒரு கல்லருகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லோரையும் ஒரே மனதாக வணங்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ரைட் என்ற தளபதி இங்கே இருக்கிறார். 1865இல் ‘பிரதர் ஜொனாதன்’ கப்பல் மூழ்கியபோது மனைவியோடு இறந்தவர். 1858இல் வடமேற்கே, இன்றைய வாஷிங்டன் மாநிலப் பகுதியில் பூர்வகுடிகளைத் தூக்கிலிட்டு, அவர்களின் நூற்றுக்கணக்கான குதிரைகளைச் சுட்டுக் கொல்ல வைத்தவரும் அவரே. அந்தக் கொடியை வேறு யாராவது நடட்டும் என்று நகர்ந்துவிட்டேன். அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ராத்திரி அம்மாவுக்கு போன் செய்தேன். “தலைக்குக் குளிச்சியா?” என்பதுதான் முதல் கேள்வி. குளித்தேன் என்றேன். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“பேரெல்லாம் சத்தமாவா படிச்சே?”

“ஆமாம்மா.”

“கல்லைத் தொட்டுப் பார்த்தியா?”