டூம் ரெய்டர் 2013: முதல் நாலு மணி நேரம்

செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். அறைகள் வளவைச் சுற்றிப் பக்கவாட்டில் இருக்கும். கிறிஸ்டல் டைனமிக்ஸ் 2013 மார்ச்சில் முதலிலிருந்து தொடங்கிய டூம் ரெய்டர் வீடியோ கேமின் அமைப்பும் அப்படித்தான். கதை முகப்பிலிருந்து பின்வாசலுக்கு நேராக ஓடுகிறது, புதிர்கள் உள்ள கல்லறைகள் பக்கத்து அறைகளாக ஒதுங்கிவிட்டன. 1996-ல் வந்த முதல் கேமில் கல்லறைதான் வீடே. பழைய ரசிகர்களுக்கு முதல் மணி நேரத்திலேயே உறுத்துவது இதுதான்.

கேமின் நாயகி லாராவுக்கு இதில் 21 வயது. எண்டியூரன்ஸ் கப்பல் உடைந்து யமடாய் தீவில் ஒதுங்குகிறாள். ஆரம்பக் குகையில் பலரும் நாலைந்து முறை சாவது ஒரே காரணத்தால்: திரையில் குறி வந்த உடனே பட்டனைத் தட்டிவிடுகிறார்கள். இரண்டு வட்டங்கள் வரும். வெளிவட்டம் சுருங்கி உள்வட்டத்தைத் தொடும் கணத்தில் ஒரே ஒரு தட்டு போதும். இடம், வலம் மாற்றி மாற்றித் தட்டும் இடங்கள் வேறு வகை, அங்கே வேகம்தான் முக்கியம். கீபோர்டில் எந்தக் குறிக்கு எந்த விசை என்பது முதலில் குழப்பும். ஒரு கண்ட்ரோலர் இருந்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். இப்படிப்பட்ட காட்சிகள் தொடக்கத்தில் தேவைக்கு மேல் அடுக்கப்பட்டிருக்கின்றன, இது கேமின் குறைதான்.

வில் கைக்கு வந்ததும் எல்லாம் மாறுகிறது. இந்த மறுதொடக்கத்தின் உயிர் அந்த வில்தான். நாணை முழுதாக இழுத்து விட்டால்தான் அம்பு வலுவாகப் பாயும், அரைகுறையாக விட்டால் எதிரி எழுந்துவிடுவான். கூட்டத்தில் கையே வைக்காதீர்கள். தனியாக ஒதுங்கி நிற்பவனை முதலில் வீழ்த்துங்கள், துப்பாக்கி சுட்டால் எல்லோரும் திரும்புவார்கள். மறைவிடத்துக்குத் தனி பட்டன் கிடையாது, எதிரி பக்கத்தில் இருக்கும்போது தாழ்வான சுவரை ஒட்டிப் போனால் லாரா தானே குனிந்துகொள்வாள். உயிர் அளவைக் காட்டும் பட்டையும் இல்லை, அடிபட்டால் கொஞ்ச நேரம் மறைந்திருந்தாலே தேறிவிடும்.

முகாம் நெருப்பைக் கண்டால் விடாதீர்கள். திறன் புள்ளிகளைச் செலவழிப்பதும், சேர்த்த உதிரிப்பாகங்களை வைத்து ஆயுதத்தை மேம்படுத்துவதும் அங்கேதான். முதல் புள்ளிகளைச் சண்டைத் திறன்களில் போடுவது வீண். உதிரிப்பாகம் கூடுதலாகக் கிடைப்பதும், எய்த அம்பை எதிரியின் உடலிலிருந்து மீட்பதும் முதலில் வரட்டும். அந்த உதிரிப்பாகத்தை வில்லில் போடுங்கள்.

இனி அந்தப் பக்கத்து அறைகள். மொத்தம் ஏழு கல்லறைகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு புதிர். எடை, காற்று, நீர், நெருப்பு என்று இயற்பியலை நம்பியே கட்டியிருக்கிறார்கள். அளவில் சிறியவைதான், ஆனால் கேமில் மூளைக்கு வேலை வைப்பவை இவைதான். தவறு எங்கே நடக்கிறது என்றால், உள்ளுணர்வுப் பட்டனை ஓயாமல் அழுத்துவதில். அது அசைக்கக்கூடிய எல்லாவற்றையும் மஞ்சளாக ஒளிரவிட்டு விடையை வாயில் ஊட்டிவிடும். கல்லறைக்குள் அதைத் தொடாமல், எது தொங்குகிறது, எது மிதக்கிறது என்று சுற்றி நடந்து பாருங்கள். வழியில் திறக்காத தடுப்புகள் கண்ணில் பட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். கயிறு சுற்றியதற்குக் கயிற்று அம்பும், மரத்தடுப்புக்கு ஷாட்கன்னும் பிற்பாடு வரும். வேகப் பயணம் (முகாமிலிருந்து முகாமுக்கு உடனே தாவும் வசதி) உள்ள முகாமிலிருந்து திரும்பி வந்துவிடலாம்.

பழைய கணினியில் ஓட்டுபவர்கள் முதலில் அணைக்க வேண்டியது டிரெஸ் எஃப்எக்ஸ் என்ற தலைமுடி அமைப்பை. முடி இழை இழையாக அசைவது அழகுதான், ஆனால் கிராபிக்ஸ் கார்டை அது பிழிந்துவிடும், லாராவின் முகம் அருகில் வரும் காட்சிகளில் படம் திக்கித் திக்கி ஓடும். நம் பக்கத்துச் செம்மண் தூசி ஃபேனில் அடைத்திருந்தால் சித்திரை வெயிலில் சூடு ஏறி, நன்றாக ஓடிய கேம் அரை மணி நேரத்தில் மந்தமாகும். அமைப்புகளைக் குறைப்பதற்கு முன்னால் கேபினட்டைத் திறந்து தூசியைத் தட்டிப் பாருங்கள். கேம் தானே சேமிக்கும்போது கரண்ட் போனால் சேமிப்புக் கோப்பு கெட வாய்ப்புண்டு, அதனால் டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் உட்கார வேண்டாம்.